நான்காவது பல்பு

என் வண்டியின் இடது பக்க ஹெட்லைட் ஒரே மாதத்தில் மூன்று பல்புகளைத் தின்று ஏப்பம் விட்டிருந்தது. நான்காவது பல்பு அட்டைப் பெட்டியோடு என் சட்டைப் பையில் இருந்தது. அன்று சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. சாயங்கால ரயிலில் என் மகள் வருகிறாள். அவள் வருவதற்குள் அந்த லைட் எரிந்தாக வேண்டும்.

லைட்டுக்கும் மகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். பேசுவதில் எனக்குச் சிக்கனம் கிடையாது. இந்தக் கதையில் நடந்த கோளாறுகளில் பாதிக்கு அதுதான் காரணம்.

நான் சோபா தைப்பவன். பழைய சோபாவின் துணியை உரித்து, பஞ்சை மாற்றி, புதுத் துணி போர்த்தி ஆணி அடித்துக் கொடுப்பேன். கீழே பட்டறை, மேலே வீடு, நடுவில் பதினோரு படி. பட்டறை ஷட்டருக்கு முன்னால் நிற்கிற பிக்கப் வண்டிக்கு இருபத்திரண்டு வயது. என் மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது வீட்டுக்கு வந்தது. கதவை மூடும்போது சலித்துக்கொள்ளும், மேட்டில் ஏறும்போது இருமும், ஆனால் ஒரு நாளும் என்னை நடுத்தெருவில் விட்டதில்லை.

என் மனைவி, வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் இருபது வருடம் வேலை பார்த்தவள். ஒரு வண்டிக்குள் ஓடுகிற ஒயர்களை எல்லாம் பலகையில் பரப்பி, நிறம் பார்த்துச் சேர்த்து, டேப் சுற்றி, நுனியில் கனெக்டர் மாட்டி அனுப்புவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கனெக்டரைச் சொருகினால் டிக்கென்று சத்தம் வரும். சத்தத்தை நம்பி விட்டுவிடக் கூடாது. பின்பக்கமாக இரண்டு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்று வராவிட்டால்தான் அடுத்ததற்குப் போகலாம்.

இந்த இரண்டு இழுப்பு அவளுக்கு ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. வாசல் பூட்டுக்கு இரண்டு இழுப்பு, கேஸ் ட்யூப்புக்கு இரண்டு இழுப்பு, மகளின் பள்ளிக்கூடப் பை வாருக்கு இரண்டு இழுப்பு. கல்யாணமான புதிதில் என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். நான் காதல் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். கம்பெனிப் பழக்கம் என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. கால் திரும்பி வந்துவிட்டது, கொஞ்சம் இழுத்து நடப்பாள். வலது கை பாதி வந்தது. பேச்சுத்தான் வரவில்லை. சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரியும். வார்த்தை நாக்கு வரை வந்து அங்கேயே நின்றுவிடும். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் 'எ' என்று தொடங்குவாள். அதற்குள் நான் பாய்ந்து, அவள் என்ன சொல்ல வருகிறாள் என்பதை நானே சொல்லி, நானே பதிலும் சொல்லி, காரியத்தையும் முடித்துவிடுவேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு டீச்சர் வருவாள். என் மகளைவிடச் சின்னப் பெண். மூன்றாவது வகுப்பிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நான் அவங்ககிட்டதானே கேட்டேன்?"

"அவளுக்கு வராதேம்மா. அதான் நான் சொன்னேன்."

"நீங்களே சொல்லிட்டு இருந்தா எப்படி சார் வரும்? அவங்க ஆரம்பிச்சா நீங்க மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. பத்துல வரலைன்னா இருபது எண்ணுங்க. வாயை மட்டும் திறக்காதீங்க."

நான் மூன்று வரைக்கும் எண்ணுவேன். அதற்கு மேல் என்னால் முடிந்ததில்லை. நன்றாக இருந்த காலத்தில் என் மனைவி எனக்கு வைத்திருந்த பெயரே முந்திரிக்கொட்டை. என் வாய் சும்மா இருக்கிற ஒரே நேரம், ஆணி அடிக்கிற நேரம். எங்கள் தொழிலில் குட்டி ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி எடுத்து அடிப்போம். அப்போது பேசினால் விழுங்க வேண்டியதுதான். "உங்க வாயில ஆணி இருக்கறப்பதான் வீடு வீடா இருக்குங்க" என்பாள். இப்போது அந்தக் கேலியைக் கேட்க எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

மகளின் கதைக்கு வருகிறேன். போன மாதம் வந்திருந்தாள். அன்றைக்குத்தான் முதல் பல்பு போயிருந்தது. ஸ்டேஷன் வாசலில் ஒற்றைக் கண்ணோடு நின்ற வண்டியைப் பார்த்தாள். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்து போனில் சொன்னாள்.

"அப்பா, ஒரு லைட்டைக் கூட உங்களால கவனிக்க முடியல. அம்மாவை எப்படிப்பா கவனிப்பீங்க?"

குத்திக்காட்டுகிற பெண் இல்லை அவள். அவள் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, தினமும் பேச்சுப் பயிற்சி உண்டு, வீட்டில் படி கிடையாது. அம்மா ஒரு வருடம் தன்னோடு இருக்கட்டும் என்றாள். இந்தச் சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். நான் முடியாது என்று கத்தினேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அப்பனும் மகளும் அரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். அதே மேசையில் என் மனைவி ரப்பர் பந்தை அமுக்கிப் பழகிக்கொண்டிருந்தாள். உனக்கு என்னம்மா வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை. போனை வைத்த பிறகு பார்த்தால் பந்து தரையில் கிடந்தது.

உண்மையைச் சொல்கிறேன். கேட்க எனக்குப் பயம். போகிறேன் என்று அவள் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

அதனால் லைட்டைப் பிடித்துக்கொண்டேன். வண்டி இரண்டு கண்ணோடு ஸ்டேஷனில் நின்றால், மகள் வாயை அடைத்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

முதலில் போனது பழைய பல்பு, அதற்கு ஆயுசு முடிந்தது என்று விட்டேன். இரண்டாவது ஒன்பது நாள் எரிந்தது. மூன்றாவது ஆறே நாள். ஃப்யூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கம்பி முழுசாக இருந்தது. எர்த் ஒயர் பாடியில் சேருகிற இடத்தில் துரு ஏறியிருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி முடுக்கினேன். டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்தேன், கரண்ட் வந்தது. அடுத்த தெரு எலக்ட்ரீஷியன் மீட்டர் கொண்டுவந்து, இன்ஜின் ஓடும்போது வோல்டேஜ் கூடுகிறதா என்று அளந்தான்.

"எல்லாம் சரியாத்தான்ணே இருக்கு. பல்புதான் மட்டம்."

வேறு கம்பெனி பல்பு வாங்கினேன். அதுதான் அந்த ஆறு நாள் பல்பு. எதையும் தூக்கிப்போட மனசு வராதவன் நான். செத்த பல்புகளைச் சமையலறை ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமையும் வழக்கம்போல மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் வலது கைக்கு எண்ணெய் தேய்த்து, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டேன். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. டாக்டர் பத்து நிமிடம் போதும் என்றார். நான் அரை மணி நேரம் தேய்ப்பேன். அந்த அரை மணி அவள் கை என் கைக்குள் இருக்கும், எனக்கு அது வேண்டியிருந்தது. பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி, பானெட்டைத் திறந்து, வண்டியைத் திட்ட ஆரம்பித்தேன்.

"உனக்கு என்னதான் குறை வெச்சேன்? ஆயில் மாத்தலையா? டயர் மாத்தலையா? இன்னைக்கு ஒரு நாள் எரிஞ்சு தொலை."

புதுப் பொருள் என்றால் எனக்கு ஒரு மரியாதை உண்டு. எந்தப் பல்பையும் கட்டைவிரலால் பளபளவென்று துடைத்துத்தான் மாட்டுவேன். நான்காவதைப் பெட்டியிலிருந்து உருவப் போனபோது, படியில் சத்தம் கேட்டது. ஒரு அடி, ஒரு இழுப்பு. மறுபடி ஒரு அடி, ஒரு இழுப்பு.

நான்கு மாதமாக அவள் தனியாகப் படி இறங்கியதே இல்லை. பல்பைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு ஓடினேன்.

"ஏம்மா, எதுக்கு இறங்குற? இரு, வந்து பிடிச்சுக்கறேன்."

அவள் கைப்பிடியிலிருந்து இடது கையை எடுத்து, நில் என்று காட்டினாள். காட்டிவிட்டு மறுபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு படியும் அவளே இறங்கினாள். தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. பட்டறைக்குள் வந்து, பாதி துணி போர்த்தியிருந்த சோபாவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எ..."

"எரியலையான்னு கேக்குறியா? இதோ, அஞ்சு நிமிஷம்."

தலையை ஆட்டினாள். "எ... எ..."

"எப்ப கிளம்பணும்னா? ஆறு மணிக்குப் போனா போதும். என்கூட வரணுமா? வேணாம்மா, உனக்கு அலைச்சல்."

மேசையை இடது கையால் ஓங்கி அறைந்தாள். ஆணி டப்பா எகிறி விழுந்து ஆணிகள் சிதறின. நான்கு மாதத்தில் அவளுக்குக் கோபம் வந்து நான் பார்க்கவில்லை. அழுவாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், கோபம் மட்டும் வராது. யார் மேலும் கோபப்படக்கூட உரிமை இல்லாதவள்போல வீட்டுக்குள் ஒதுங்கிப்போயிருந்தாள். இப்போது கண் சிவக்க என்னை முறைத்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

சிதறிய ஆணிகளில் நான்கைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டேன். வேறு வழி தெரியவில்லை.

அவள் அதைக் கவனித்தாள். முகம் கொஞ்சம் இளகியது. துணிப்பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஜன்னல் கட்டையில் இருந்த மூன்று பல்புகள். முதல் பல்பை, அந்தப் பழையதை, ஓரமாகத் தள்ளிவைத்தாள். மற்ற இரண்டையும் என் பக்கம் திருப்பினாள். இரண்டின் கண்ணாடியிலும் ஒரே மாதிரி ஒரு இடம் வெளுத்து, லேசாகப் பொங்கியிருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

அவள் என் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலை விரித்து, அந்த வெளுத்த இடத்தின் மேல் வைத்தாள். அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. அடுத்ததிலும் வைத்தாள். அதிலும் பொருந்தியது. அப்புறம் பையிலிருந்து கடைசியாக ஒன்றை எடுத்துப் பல்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். எண்ணெய் பாட்டில்.

ஒரு நிமிடம் ஆயிற்று எனக்குப் புரிய. புரிந்ததும் பழைய பேச்சு ஒன்று ஞாபகம் வந்தது. அவள் கம்பெனியில் பக்கத்து லைனில் ஹெட்லைட் பூட்டுவார்கள். அந்தப் பெண்கள் வெள்ளைக் கையுறை இல்லாமல் பல்பைத் தொடவே கூடாதாம். விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசை கண்ணாடியில் பட்டால், அந்த இடம் மட்டும் தாறுமாறாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் செத்துவிடுமாம். எத்தனையோ வருடத்துக்கு முன்னால் சாப்பிடும்போது சொன்னாள். நான் எங்கே காதில் போட்டுக்கொண்டேன்? நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

அவள் கையைப் பிழைக்க வைக்கத் தேய்த்த எண்ணெய்தான் வண்டியின் கண்ணைக் குருடாக்கிக்கொண்டிருந்தது. அதையும் ஆசையாகத் துடைத்துத் துடைத்துச் செய்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. வாய் நிறைய ஆணியோடு இரண்டையுமே செய்ய முடியாது. தலையை மட்டும் ஆட்டினேன். அவள் என் கட்டைவிரலைத் தன் உடுப்பின் ஓரத்தால் துடைத்துவிட்டாள்.

அதோடு விடவில்லை. எழுந்து வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, சோபாவுக்கு உள்ளே வைக்கிற வெள்ளைத் துணியைக் காட்டினாள். ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன். துணியோடு சேர்த்துப் பல்பை இடது கையால் எடுத்தாள். விளக்குக் கூட்டுக்குள் அதை வைத்து, சுற்றிப் பார்த்து, இன்னொரு தடவை வைத்து, கம்பிக் கொக்கியைப் போட்டாள். நான் செய்தால் அரை நிமிட வேலை. என் கை இரண்டு தடவை தானாக முன்னால் போனது. இரண்டு தடவையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அடுத்தது கனெக்டர். அதன் ஓரம் சூட்டில் பழுப்பாகியிருந்தது. அது சரியாக உட்காராமல் நான் டேப் சுற்றிச் சமாளித்து வைத்திருந்தேன். அந்த டேப்பைப் பார்த்து அவள் முகம் போன போக்கு, இருபது வருட உத்தியோகத்தின் போக்கு. நகத்தால் டேப்பைக் கிளறி உரித்தாள். உள்ளே விரிந்து போயிருந்த தகடுகளைக் குறடால் நெருக்கச் சொல்லி எனக்குச் சைகை காட்டினாள். நெருக்கிக் கொடுத்தேன். இடது கையால் பிடித்து அழுத்தினாள். டிக்.

சத்தத்தை நம்பி விடுகிற ஆளா அவள். பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டுமே. இடது கை விளக்குக் கூட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது வலது கைதான். அதைத் தூக்கினாள். விரல்கள் கனெக்டரைத் தேடி வந்து, தொட்டு, நழுவின. மறுபடி தூக்கினாள். மறுபடி நழுவியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து தாண்டி, இருபது தாண்டி, நாற்பத்தெட்டில் அவள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதைப் பிடித்தன. ஒரு இழுப்பு. கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு இழுப்பு. கழன்று வரவில்லை.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். உதடு நடுங்கியது. நான் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

"எ... என்ன... ங்க."

வாயில் ஆணி.

"போ... டுங்க."

ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டேன். பட்டறையின் உள்சுவரில் இரண்டு வட்டம் விழுந்தது. நான் ஆணிகளைத் துப்பிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்கு அவளும் வண்டியில் ஏறினாள். அலைச்சல் என்று நான் சொல்லவில்லை. வழி நெடுக நான் பேசாமல் ஓட்டினேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். முன்னால் போன கார்களின் முதுகில் எங்கள் வெளிச்சம் இரண்டாக விழுவதை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மகள் பையோடு ஸ்டேஷன் படி இறங்கும்போதே வண்டியைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்ததும் நடை வேகமானது. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"லைட் சரி பண்ணிட்டீங்க போல."

"நான் இல்ல பாப்பா. அம்மா."

அவள் நம்பாமல் பார்த்தாள். லைட்டைக் காட்டி அவள் வாயை அடைக்க வேண்டும் என்று வந்தவன் நான். அந்த எண்ணம் இப்போது இல்லை. லைட் எரிவதால் அவள் கேட்டது தப்பாகிவிடாது. தினமும் பயிற்சி நல்லதுதான். படி இல்லாத வீடு நல்லதுதான்.

"பாப்பா, நாம ரெண்டு பேரும் போன்ல அவ்வளவு சண்டை போட்டோம். அம்மாவைக் கேக்கவே இல்ல. இப்ப நீ கேளு. நான் குறுக்க பேச மாட்டேன்."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் கையை விட்டேன். நான்கு ஆணியும் இருந்தன. எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மகள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்தாள். "அம்மா, என்கூட வரியா? அங்க உனக்கு வசதியா இருக்கும். நீ என்ன சொன்னாலும் சரிம்மா."

என் மனைவி அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாய் திறந்து மூடியது. நான் எண்ணினேன். பத்து. போகிறேன் என்று சொன்னால் அவள் துணிமணியெல்லாம் நானே மடித்து வைத்துக் கொடுக்க வேண்டும். இருபது. எண்ணெய் எந்த விரலில் ஆரம்பிக்க வேண்டும் என்று மகளுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். முப்பது. காலியான வீட்டில் நான் யாரோடு பேசுவேன்?

"அம்மா ஒருவேளை..." என்று மகள் ஆரம்பித்தாள். என் ரத்தம்தானே. நான் கையைத் தூக்கி நிறுத்தினேன்.

நாற்பத்தொன்றில், என் மனைவியின் வலது கை மெல்ல எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு இழுப்பு.

"இங்க... தான்," என்றாள்.

பிறகு மகளின் கன்னத்தை இடது கையால் தொட்டாள். "நீ... வா. அடி... க்கடி."

மகள் அழுதுகொண்டே தலையாட்டினாள். அம்மாவின் குரலை அவள் கேட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னப்பா, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

நான் வாயைக் காட்டினேன். என் மனைவி சிரித்தாள். ஒரு பக்கமாகக் கோணுகிற புதுச் சிரிப்பு. என் மணிக்கட்டை விட்டுவிட்டு, அதே வலது கையைக் குவித்து என் மோவாய்க்குக் கீழே நீட்டினாள். நான் குனிந்து, நாக்கால் தள்ளித் தள்ளி, நான்கு ஆணியையும் அதில் போட்டேன். அவள் விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்து மூடிக்கொண்டன. ஒரு ஆணிகூடக் கீழே விழவில்லை.